ஜெருசலேம் வைரஸ்: எக்ஸி கோப்பு மட்டும் ஒவ்வொரு ஓட்டத்திலும் வீங்குவது ஏன்?

கறுப்புத்திரை:

வணக்கம். கணினி அறிவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விண்டோஸுக்கு முன்பிருந்த டாஸ் இயங்குதளத்தின் பழைய வைரஸ் ஒன்றைப் பற்றி வகுப்பில் அரை மணி நேரம் பேச வேண்டும். 1987 கடைசியில் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் பிடிபட்ட, அந்த ஊர்ப் பெயரையே சுமக்கும் வைரஸை எடுத்துக்கொண்டேன். இணையத் தொடர்பே இல்லாத ஒரு பழைய மடிக்கணினியில், டாஸ் எமுலேட்டருக்குள் (பழைய கணினியைப் போல நடிக்கும் நிரல்) மட்டும் ஓட்டிப் பார்த்தேன். கண்டவை இவை:

காம் (.COM) வகை நிரல் கோப்பு ஒன்று 6,200 பைட் இருந்தது. ஒரு தடவை ஓட்டியதும் 8,013 ஆனது. அதன் பிறகு பத்து தடவை ஓட்டியும் 8,013-ஐத் தாண்டவில்லை.

எக்ஸி (.EXE) வகை நிரல் கோப்பு ஒன்று 28,665 பைட். ஓட்டியதும் 30,480. மறுபடி ஓட்டினால் 32,288. மூன்றாம் தடவை 34,096. முதல் தடவை 1,815 பைட் கூடியிருக்கிறது, அடுத்த இரண்டு தடவையும் 1,808. இந்த ஏழு பைட் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

நான் ஓட்டாத கோப்புகள் அதே அடைவில் இருந்தும் அப்படியே இருக்கின்றன. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் டாஸின் கமாண்ட்.காம் கோப்பும் மாறவில்லை. தொற்றிய கோப்புகளின் தேதியும் நேரமும்கூட மாறவில்லை. எந்தக் கோப்பைத் தொற்றுவது என்று அது எப்படித் தேர்ந்தெடுக்கிறது? முதல் நிரல் முடிந்த பிறகும் வைரஸின் பிடி எப்படி நிற்கிறது?

நாலாம்வரிசை:

வைரஸ் என்றால் எல்லாம் ஒன்றுதான். தொற்றிய நிரலை ஓட்டினால் அது அடைவில் தேடும், அகப்பட்ட ஒன்றிரண்டு கோப்புகளில் தன்னை ஒட்டிவிடும். உங்கள் எமுலேட்டரில் தேடல் சரியாக வேலை செய்யவில்லை என்று நினைக்கிறேன். அளவு வித்தியாசத்துக்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய மெக்கானிக்:

தம்பி கறுப்புத்திரை, உங்கள் எமுலேட்டரில் பிழை எதுவும் இல்லை. நீங்கள் குறித்த ஒவ்வோர் எண்ணும் சரி. நாலாம்வரிசை சொல்வது வியன்னா வகை. 648 பைட் வைரஸ் அது. தொற்றிய நிரலை ஓட்டியவுடன் ஒரு காம் கோப்பைத் தேடிப் பிடித்து ஒட்டிவிட்டுப் போய்விடும், நினைவகத்தில் தங்காது. ஜெருசலேம் எதையும் தேடிப் போகாது. சுங்கச்சாவடிக்காரன் வண்டியைத் தேடியா போகிறான்? சாலையில் குறுக்குக் கட்டையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறான், வண்டி தானாக வருகிறது.

அந்தச் சாலை எது என்று புரிந்தால் மற்றதெல்லாம் புரியும். டாஸில் ஒரு நிரல் கோப்பைத் திறக்க வேண்டும், திரையில் எழுத வேண்டும், இன்னொரு நிரலை ஏற்ற வேண்டும் என்றால், அநேகமாக எல்லாவற்றுக்கும் இன்டரப்ட் 21 என்ற ஒரே வாசலில்தான் போய் நிற்கும். (21 என்பது பதினாறடிமான எண். இனி வரும் இ0, 31, 4பி, 24 ஆகியவையும் அப்படியே. வாசலில் எந்தச் சேவை வேண்டும் என்பதையும் ஓர் எண்ணால்தான் சொல்ல வேண்டும்.) நினைவகத்தின் முதல் 1,024 பைட்டில் ஒரு முகவரிப் பட்டியல் இருக்கிறது, 256 வாசல்கள், வாசலுக்கு நான்கு பைட். 21-ஆம் வாசலுக்கு வருபவரை எங்கே அனுப்புவது என்பது அந்த நான்கு பைட்டில் எழுதியிருக்கும். அதைத் திருத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். டாஸில் காவல்காரனே கிடையாது. நினைவகத்தில் தங்கி, விசையை அழுத்தினால் தோன்றும் சைட்கிக் போன்ற நல்ல நிரல்களும் இதே மாதிரி வாசல்களில் குறுக்கே உட்கார்ந்துதான் வேலை செய்தன.

இனி வைரஸின் முதல் நாள். தொற்றிய நிரல் ஒன்றை ஓட்டுகிறீர்கள். முதலில் ஓடுவது வைரஸின் பகுதி. அது 21-ஆம் வாசலில் இ0 என்ற எண்ணைச் சொல்லி ஒரு குரல் கொடுக்கும்: "உள்ளே நம்மாள் இருக்கிறானா?" இருந்தால் 3 என்று பதில் வரும். வராவிட்டால் இந்த இயந்திரம் புதிது என்று பொருள். உடனே வாசலின் பழைய முகவரியைப் பத்திரமாகக் குறித்துக்கொண்டு, தன் முகவரியை அங்கே எழுதிவிடும். அடுத்து அது செய்வதை நான் இன்றைக்கும் ரசிப்பேன், திட்டிக்கொண்டேதான். நீங்கள் கேட்ட அதே நிரலை, டாஸைக் கொண்டு இரண்டாம் தடவை வட்டிலிருந்து ஏற்றவைக்கும். அந்த இரண்டாவது பிரதிக்குள்ளும் வைரஸ் இருக்கிறதே, அதுவும் "நம்மாள் இருக்கிறானா" என்று கேட்கும். இந்தத் தடவை பதில் வரும். உடனே வழிவிட்டு நிஜ நிரல் ஓடும். நீங்கள் வேலையை முடித்து வெளியே வரும்போது, முதல் பிரதி டாஸின் 31-ஆம் சேவையைக் கூப்பிடும்: "நான் முடிந்துவிட்டேன், ஆனால் என் இடத்தை யாருக்கும் கொடுக்காதே." டாஸும் சரி என்று 1,792 பைட்டை அதற்கு ஒதுக்கிவிட்டுத் தன் பாட்டுக்குப் போகும். வைரஸ் எழுதியவன் பூட்டு எதையும் உடைக்கவில்லை. சாவி வாசல் ஆணியிலேயே தொங்கியது.

அதற்குப் பிறகு நீங்கள் எந்த நிரலின் பெயரைத் தட்டினாலும், கமாண்ட்.காம் அந்தப் பெயரை 4பி என்ற சேவை எண்ணோடு 21-ஆம் வாசலுக்குக் கொண்டுவரும். வைரஸுக்கு இலக்கு கிடைப்பது அங்கேதான். கோப்பின் பெயரை நீங்களே தட்டில் வைத்து நீட்டுகிறீர்கள். பெயர் கமாண்ட்.காம் என்றால் விட்டுவிடும். மற்றது எதுவானாலும், படிக்க மட்டும் என்ற குறி இருந்தால் அதை நீக்கும், தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும், தன்னை எழுதும், தேதியைத் திரும்பப் பதிக்கும், குறியைத் திரும்பப் போடும், பிறகு கோரிக்கையை நிஜ டாஸிடம் தள்ளிவிடும். நிரல் வழக்கம்போல ஓடும். நீங்கள் ஓட்டாத கோப்பு ஏன் மாறவில்லை என்ற கேள்விக்கு விடை இதுதான். டிர், காப்பி, டைப் கட்டளைகள் கமாண்ட்.காமுக்கு உள்ளேயே இருப்பவை. அவற்றைத் தட்டினால் 4பி வராது, தொற்றும் நடக்காது.

இப்போது என் கதை. 1989 முதல் கணினி பழுதுபார்ப்பதுதான் என் தொழில். ஒரு பயிற்சி மையத்தில் பிசி எக்ஸ்டி ரக இயந்திரங்கள் ஆறு. "அரை மணி நேரம் ஓடினால் மெதுவாகிவிடுகிறது, அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது" என்று கூப்பிட்டார்கள். சூடேறுகிறது என்று நானே தீர்ப்புச் சொல்லி, மேசை விசிறி ஒன்றை இயந்திரத்தின் பின்னால் வைக்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, திரையின் இடது பக்கம் ஒரு சின்னச் சதுரத்தில் மட்டும் எழுத்துகள் இரண்டு வரி மேலே நழுவுகின்றன என்றார்கள். திரை அட்டையை மாற்றிக் கொடுத்தேன். அதற்கு வாங்கிய காசை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

இரண்டுமே இந்த வைரஸின் வேலை. நொடிக்கு 18.2 தடவை அடிக்கும் கடிகார இன்டரப்ட் 8-லும் அது உட்கார்ந்திருக்கும். 32,400 அடிகள் எண்ணும். கிட்டத்தட்ட அரை மணி நேரம். பிறகு அந்தச் சதுரத்தை நகர்த்தும். அதிலிருந்து ஒவ்வோர் அடிக்கும் நினைவகத்தில் பதினாறாயிரம் பைட்டுக்கு மேல் சும்மா படித்துக்கொண்டே இருக்கும். 4.77 மெகாஹெர்ட்ஸ் இயந்திரத்தின் நேரத்தில் பெரும்பகுதியை இந்த வெட்டி வேலையே தின்றுவிடும்.

பிடி கொடுத்தது சம்பளப் பட்டியல் போடும் ஓர் எக்ஸி நிரல். 360 கேபி ஃப்ளாப்பியிலிருந்து நாளுக்குப் பத்து தடவையாவது அதை ஓட்டுவார்கள். ஒரு வாரத்தில் ஃப்ளாப்பி நிறைந்துவிட்டது. பத்து ஓட்டத்துக்கு 18,080 பைட் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை நான் என்ன சோதித்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? 1987 நவம்பரில் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் வந்த வைரஸ் கமாண்ட்.காமை மட்டும் தொற்றியது என்று கேள்விப்பட்டு, போகிற இடமெல்லாம் கமாண்ட்.காம் அளவை நோட்டில் எழுதிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஜெருசலேம் தொடாத ஒரே நிரல் அதுதான். என் நோட்டு வாரக்கணக்கில் "சரி, சரி" என்றே சொன்னது.

இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. என் கருவி ஃப்ளாப்பியில் வட்டையும் நினைவகத்தையும் கணக்கெடுத்துக் காட்டும் செக்டிஸ்க் நிரல் இருந்தது. ஸ்டோன்ட் போன்ற பூட் வைரஸ் (கணினி தொடங்கும்போதே வட்டின் தொடக்கப் பகுதியிலிருந்து ஏறும் வகை) இருந்தால், செக்டிஸ்க் காட்டும் மொத்த நினைவகம் 655,360-இலிருந்து 653,312-ஆகக் குறையும். அதைப் பார்க்கத்தான் ஓட்டினேன். மொத்தம் குறையவில்லை. ஜெருசலேம் டாஸிடம் முறைப்படி இடம் கேட்டு வாங்கியது, அதனால் மீதி இருக்கும் எண் மட்டும்தான் குறையும், அதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஃப்ளாப்பியில் எழுதுதடை ஸ்டிக்கர் ஒட்டவில்லை. ஓட்டிய அந்தக் கணத்திலேயே என் செக்டிஸ்க் 1,813 பைட் பெருத்துவிட்டது. அந்த வாரம் நான் போன மற்ற இரண்டு இடங்களுக்கும் நோயைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

அசெம்பிளிப்பித்தன்:

மெக்கானிக் ஐயா விட்டுவைத்த எண்களை நான் எடுத்துக்கொள்கிறேன்.

காம் கோப்புக்குத் தலைப்பு எதுவும் கிடையாது. வட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே நினைவகத்தில் இறங்கி முதல் பைட்டிலிருந்து ஓடும். ஆகவே வைரஸ் முன்னால் நின்றால் போதும். முதலில் வைரஸ் 1,808 பைட், பின்னால் பழைய நிரல் முழுவதும், கடைசியில் "எம்எஸ்டாஸ்" என்று படிக்கும்படி ஐந்து எழுத்து. ஆக மொத்தம் 1,813. அந்த ஐந்து எழுத்துதான் அடையாளக் குறி. அடுத்த தடவை தொற்றப்போகும்போது கடைசி ஐந்து பைட்டைப் படித்துப் பார்க்கும், குறி இருந்தால் விலகிவிடும். உங்கள் 8,013 அங்கேயே நின்றதற்குக் காரணம் இது.

எக்ஸி அப்படியல்ல. எம்இசட் என்ற இரண்டெழுத்தில் தொடங்கும் தலைப்பு உண்டு. கோப்பின் எவ்வளவு பகுதியை ஏற்ற வேண்டும், எந்த இடத்திலிருந்து ஓட்டத் தொடங்க வேண்டும், ஸ்டாக் (நிரல் தற்காலிகக் குறிப்புகளை வைக்கும் இடம்) எங்கே என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். வைரஸ் கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டு, தலைப்பில் தொடங்கும் இடத்தைத் தன் பக்கம் திருப்பிவிடும். பழைய இடத்தைத் தனக்குள் குறித்துக்கொள்ளும். 8086 செயலியில் நினைவகத்தைப் பகுதி பகுதியாகக் குறிக்கும் செக்மென்ட் முகவரிகள் பதினாறு பதினாறாகத்தான் நகரும் என்பதால், ஒட்டும் இடம் 16-இன் மடங்காக இருக்க வேண்டும். உங்கள் 28,665-க்கு அடுத்த மடங்கு 28,672. ஏழு பைட் தாண்டிப் போய் ஒட்டியிருக்கிறது. 1,808 என்பது 113 பதினாறுகள். ஆகவே இரண்டாம் தடவையிலிருந்து தாண்ட எதுவும் இல்லை.

எக்ஸியில் ஒட்டும்போது அந்த ஐந்தெழுத்துக் குறியை வாலில் எழுதவில்லை. சோதிப்பதோ வாலில். அதனால் ஒவ்வொரு தடவையும் "புதுக் கோப்பு" என்றே நினைத்துக்கொள்கிறது. உங்கள் 34,096 பைட் கோப்பில் மூன்று பிரதிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சுத்தம் செய்வதானால் வெங்காயம் மாதிரி மூன்று தடவை உரிக்க வேண்டும். இந்த ஒரு பிழை இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் பல மாதம் யார் கண்ணிலும் பட்டிருக்காது என்பது என் எண்ணம். பிழையில்லாமல் எழுதத் தெரியாதவன் கையில் இருந்தது நம் அதிர்ஷ்டம்.

ஸ்டிக்கர் ஒட்டிய ஃப்ளாப்பியில் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். எழுத முடியாது, அது டிரைவின் மின்சுற்றே தடுப்பது. வழக்கமாக டாஸ் அப்போது "நிறுத்தவா, மறுபடி முயலவா" என்று கேட்கும். தொற்றும் நேரத்துக்கு மட்டும் பிழை வாசலான இன்டரப்ட் 24-ஐயும் தன் பக்கம் திருப்பிக்கொள்வதால், அந்தக் கேள்வி திரைக்கு வராது. டிரைவ் விளக்கு ஒரு கணம் கூடுதலாக எரியும், அவ்வளவுதான்.

அந்த இ0 என்ற எண் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கணினிகளை வலையில் இணைக்கும் நோவெல் நெட்வேர் மென்பொருள் தன் அச்சு வரிசை வேலைகளுக்கு அதே எண்ணைத்தான் வைத்திருந்தது. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு.

கறுப்புத்திரை:

இருவருக்கும் நன்றி. இன்று இரண்டு சோதனைகள் செய்தேன்.

வேறொரு காம் கோப்பை எடுத்து (4,100 பைட்), அந்த ஐந்தெழுத்தை நானே வாலில் ஒட்டினேன். 4,105 ஆனது. வைரஸ் நினைவகத்தில் இருக்கும்போதே ஓட்டினேன். 4,105 அப்படியே நிற்கிறது! தடுப்பூசி வேலை செய்கிறது.

இரண்டாவது சோதனைதான் குழப்பம். வெள்ளிக்கிழமை 13-ஆம் தேதி வந்தால் ஓட்டும் நிரலையெல்லாம் அழிக்கும் என்று படித்தேன். வைரஸ் தங்கியிருக்கும்போது தேதியை 13 மே 1988 என்று மாற்றி நான்கு நிரல்களை ஓட்டினேன். ஒன்றும் அழியவில்லை. தேதி தவறா?

பழைய மெக்கானிக்:

தேதி சரி, வரிசைதான் தவறு. அது தேதியைப் பார்ப்பது நினைவகத்தில் குடியேறும்போது ஒரே ஒரு தடவை. அன்று வெள்ளி 13 என்றால் உள்ளே ஒரு குறியை ஏற்றிக்கொள்ளும். அன்றைக்கு மெதுவாக்கும் வேலை கிடையாது, அழிப்பது மட்டும்தான். வியாழக்கிழமையே குடியேறிவிட்டு, இயந்திரம் இரவெல்லாம் அணையாமல் நின்றால் மறுநாள் அழிக்காது. முதலில் தேதியை மாற்றுங்கள், பிறகு தொற்றிய நிரலை ஓட்டுங்கள்.

ஆண்டு 1987 என்றால் எந்த நாளானாலும் பரவுவதோடு சரி. அந்த ஆண்டு நவம்பரிலும் ஒரு வெள்ளி 13 வந்தது, வைரஸ் எழுதியவன் அதைத் தாண்ட விட்டிருக்கிறான். 1988 மே 13-க்கு மறுநாள் இஸ்ரேல் உருவாகி நாற்பதாண்டு என்பதை வைத்து அரசியல் கதை பேசியவர்கள் நிறைய. நான் நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். 1988-இல் வெள்ளியும் பதின்மூன்றும் சேர்ந்த மாதம் மே ஒன்றுதான். 1987-ஐ விடு என்று எழுதினால் அடுத்து வந்து விழும் நாள் அது. இதற்குச் சதி எதற்கு?

சுத்தம் செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை, வகுப்பில் யாராவது கேட்பார்கள். மூன்று விசைகளை அழுத்தி மறுபடி தொடங்குவதை நம்பாதீர்கள். கமாண்ட்.காம் சுத்தமாக இருந்தாலும், கணினி தொடங்கியதும் தானாக ஓட வேண்டியவற்றைப் பட்டியலிடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் உள்ள மவுஸ் நிரல் ஒன்று தொற்றியிருந்தால் திரையில் கட்டளைக் குறி வருவதற்கு முன்பே அது உள்ளே உட்கார்ந்திருக்கும். மின்சாரத்தை அணைத்து, ஸ்டிக்கர் ஒட்டிய சுத்தமான டாஸ் ஃப்ளாப்பியிலிருந்து ஏற்றி, அந்த ஃப்ளாப்பியில் இருக்கும் கருவியை மட்டும் ஓட்ட வேண்டும். 1989-இல் பல்கேரியாவிலிருந்து வந்த டார்க் அவெஞ்சர் கோப்பைத் திறந்தாலே தொற்றியது. அது நினைவகத்தில் இருக்கும்போது வைரஸ் தேடும் நிரலை ஓட்டினால், அந்த நிரல் வட்டு முழுவதையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டும். வைரஸ் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும். அதை ஒரு அலுவலகத்தில் என் கண்ணால் பார்த்தேன். அந்தத் தடவை ஓட்டியது நான் இல்லை என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம்.

நாலாம்வரிசை:

என் முதல் பதில் தவறு. எமுலேட்டரைக் குறை சொன்னதற்கு மன்னிக்கவும். வியன்னாவை இப்போதுதான் தேடிப் படித்தேன்.

கறுப்புத்திரை:

ஐயா சொன்ன வரிசையில் செய்தேன். எமுலேட்டரை மூடித் திறந்து, தேதியை 13 மே 1988 ஆக்கி, தொற்றிய நிரலை முதலில் ஓட்டினேன். அடுத்து ஓட்டிய இரண்டு நிரல்கள் அடைவிலிருந்தே காணாமல் போயின. மூன்றாவதாக என் தடுப்பூசி போட்ட 4,105 பைட் கோப்பை ஓட்டினேன். அதுவும் போய்விட்டது.

அசெம்பிளிப்பித்தன்:

வாலில் இருக்கும் குறியைப் பார்ப்பது தொற்றப் போகும் பாதையில். அழிக்கும் பாதை அதற்கு முன்பே பிரிந்துவிடுகிறது. உங்கள் ஐந்தெழுத்தை அது படிக்கவே இல்லை.